கெஃபார்ட்டின் கத்தியை அடித்த கொல்லர்

1906-ஆம் ஆண்டு நியூயார்க்கின் அவுட்டிங் பதிப்பகம் ‘தி புக் ஆஃப் கேம்பிங் அண்ட் வுட்கிராஃப்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. காட்டில் கூடாரம் போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது, வேட்டையாடிய மானை அறுப்பது, மூட்டை கட்டிச் சுமப்பது என்று காட்டுவாசத்தின் எல்லா வேலைகளையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். எழுதியவர் ஹொரேஸ் கெஃபார்ட். எழுதும்போது மேசைமேல் கிடந்த தன் பழைய உறைக்கத்தியை ஓர் இடத்தில் அவர் விவரிக்கிறார். அலகும் பிடியும் தலா 4½ அங்குலம். அலகின் அகலம் 1 அங்குலம், முதுகின் தடிமன் ⅛ அங்குலம். எடை 4 அவுன்ஸ், நம் கணக்கில் 113 கிராம். பிடி எந்த மாதிரி மரம், முன்பக்கம் எவ்வளவு மெலிகிறது, உறை இடுப்புவாரில் எப்படி உட்காருகிறது என்பது வரைக்கும் சொல்லிவிடுகிறார். அதை அடித்தவரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு குறிப்புதான் தருகிறார்: நாட்டுப்புறத்துக் கொல்லர் ஒருவர். பெயர் இல்லை, ஊர் இல்லை.

காட்டுவேலைக் கத்திகளின் வரலாற்றில் அந்தக் கத்தி பெரிய இடம் பிடித்துவிட்டது. இன்று புஷ்கிராஃப்ட் கத்தி என்று விற்கப்படுபவற்றில் ஒரு பெரிய குடும்பமே அதன் வழிவந்தது. அவற்றின் பெயர் ‘கெஃபார்ட்’. பயன்படுத்தியவரின் பெயர் கத்திக்கு வந்தது, செய்தவரின் பெயர் போய்விட்டது. இப்படித்தான் உலகம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால், அந்தக் கொல்லரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளக்கூடியது நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது.

கெஃபார்ட் தொழிலால் நூலகர். 1862-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழக நூலகராக இருந்த வில்லர்ட் ஃபிஸ்க் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கவிஞர் பெட்ரார்க்கின் நூல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சேகரிப்புக்கு அட்டவணை தயாரிக்க அங்கே போய் உழைத்தவர். பிறகு 1890 முதல் 1903 வரை செயின்ட் லூயிஸ் மெர்கன்டைல் நூலகத்தின் தலைவர். எந்தப் பதிப்பு, எந்த அச்சகம், யார் கைப்பட்டது என்று துருவித் துருவிக் குறித்துவைப்பதுதான் அவருடைய பிழைப்பு. துப்பாக்கிகள் விஷயத்திலும் அப்படியே. செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த மலைவாசிகளின் துப்பாக்கிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பெருமையை எழுதியவர் அவர். ஹாக்கன்களின் பெயரைக் காப்பாற்றியவர், தன் இடுப்பில் தொங்கிய கத்தியைச் செய்தவரின் பெயரை விட்டுவிட்டார்.

இதை அவருடைய அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் அவர் செய்தவரின் பெயரைச் சொல்வது, பெரும்பாலும், வாசகர் கடிதம் எழுதியோ கடைக்குப் போயோ வாங்கக்கூடிய பொருள்களுக்கு. பாஸ்டனிலோ சிகாகோவிலோ இருக்கும் வாசகருக்கு ஏதோ ஒரு மலையடிவாரத்துக் கொல்லரின் பெயர் எதற்கு உதவும்? அளவுகளைக் கொடுத்தால் அவரவர் ஊர்க் கொல்லரிடம் காட்டி அடித்துக்கொள்ளலாம். அதனால் அளவுகளைக் கொடுத்தார், மனிதரை விட்டார். ஆனால் அந்த அளவுகளுக்குள்ளேயே அந்த மனிதர் இருக்கிறார்.

அந்தக் காலத்துக் கடைகளில் வேட்டைக் கத்தி என்று விற்றது போவி கத்தியின் வாரிசு. தடித்த அலகு, கூர்மையான முனை, இரண்டு பக்கமும் துருத்தும் காப்புக் கம்பி. குத்துவதற்கென்றே உருவானது. காட்டில் இருப்பவனுக்குக் கத்தியால் குத்தவேண்டிய வேலை வருவதே அரிது என்பது கெஃபார்ட்டின் வாதம். குச்சி சீவ வேண்டும், பன்றி இறைச்சியைத் துண்டு போட வேண்டும், உருளைக்கிழங்கு வறுக்க வேண்டும், அதே கத்தியால் சாப்பிடவும் வேண்டும். அதற்கு மெல்லிய, அகன்ற முனையுள்ள, குட்டையான அலகு போதும். கடைக் கத்தியை மிதமிஞ்சிய கடினத்துக்குப் பதம் ஏற்றியிருப்பார்கள். கிழட்டுக் கலைமானின் விலா எலும்பில் பட்டால் வாய் பல்லுப் பல்லாக உதிரும் என்பது அவருடைய இன்னொரு குறை.

கொல்லரின் கத்தியில் இந்தக் குறைகள் ஒன்றுகூட இல்லை. பச்சை மரக் குச்சியைச் சீவும் அளவுக்குக் கடினம். ஆனால் முடிச்சிலோ எலும்பிலோ பட்டால் உடையாமல் விளிம்பு கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு தகவலே உலைக்களத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை மறுபடி மெல்லச் சூடேற்றி அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். அப்போது தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறங்கள் ஓடும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். சவரக்கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவார்கள். வில்பட்டைக்கு நீலம் வரை விடுவார்கள். கெஃபார்ட்டின் கொல்லர் மஞ்சளைத் தாண்டவிட்டிருக்கிறார் என்பது என் கணிப்பு. கூர்மை கொஞ்சம் சீக்கிரம் மழுங்கினாலும் பரவாயில்லை, உடையக் கூடாது என்று தீர்மானித்தவர் அவர். கடைக்காரனுக்கு முதல் நாள் கூர்மை முக்கியம். பழுதுபார்க்கத் திரும்பி வரும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பழகிய கொல்லருக்கு, கத்தி ஐந்தாம் ஆண்டிலும் வேலை செய்வது முக்கியம்.

பிடியைப் பாருங்கள். அலகின் இரும்பு பிடிக்குள்ளும் தொடர்ந்து போகிறது, அதன்மேல் மரத்தை ஆணியடித்து இறுக்கியிருக்கிறார். குறுக்குவெட்டு முட்டை வடிவம், கையைக் கொப்புளமாக்கும் முனை எங்கும் இல்லை. மரம் இலேசானது, ஆனால் கெட்டி. அடியில் ¾ அங்குலத் தடிமன், முன்னே வர வர ½ அங்குலம். உறைக்குள் எளிதாக நுழைந்து இறுகிக்கொள்ளத்தான் இந்த மெலிவு. பிடி கனமாக இருந்தால் குனியும்போது கத்தி நழுவி விழும். அலகின் வாய் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் ¼ அங்குலத்தில் ஒரு சிறு குமிழ், விரல் வழுக்கி வாயில் படாமலிருக்க. முதுகுப் பக்கம் ஒன்றும் கிடையாது, அங்கே கட்டைவிரல் வைத்து அழுத்த வேண்டுமே. இவற்றில் எவ்வளவு கெஃபார்ட் கேட்டுச் செய்தது, எவ்வளவு கொல்லர் தாமாகச் செய்தது என்று பிரிக்க முடியாது. ஆனால் இவ்வளவையும் 113 கிராமுக்குள் அடக்குவதற்குக் கேட்பவரின் யோசனை மட்டும் போதாது, கையில் தேர்ச்சி வேண்டும். தான் பார்த்தவற்றில் அழகில்லாத பொருள்களில் ஒன்று அது என்று கெஃபார்ட்டே சொல்கிறார். கூடவே, தான் பயன்படுத்திய மற்ற இருபது கத்திகளும் சேர்ந்து செய்ததைவிட அதிக வேலையை இது செய்தது என்றும் சொல்கிறார்.

அந்தப் பட்டறை எங்கே இருந்தது? கெஃபார்ட் 1904-இல் மனமும் உடலும் உடைந்த நிலையில், குடும்பத்தைப் பிரிந்து, வட கரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு வந்தார். ஹேசல் கிரீக் ஓடைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு மரக்குடிலில் மூன்று ஆண்டுகள் தனியாக இருந்தார். புத்தகம் 1906-இல் வந்துவிட்டது. கத்தியோ அதற்குள் கடும் உழைப்பின் தழும்புகளோடு, இருபது போட்டியாளர்களை வென்று நிற்கிறது. மலைக்கு வந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அப்படித் தேய்ந்திருக்க முடியுமா? செயின்ட் லூயிஸில் இருந்த நாட்களில் மிசூரிக் காடுகளில் அவர் அடிக்கடி முகாமிட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்துக் கொல்லர் என்றுதான் தோன்றுகிறது. ஸ்மோக்கி மலைக் கத்தி என்று இதைச் சொல்பவர்கள் கெஃபார்ட்டின் பிற்காலப் புகழை முன்னே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். அந்த மலைகளோடு அவர் பெயர் அந்த அளவுக்குப் பிணைந்துவிட்டது. 1913-இல் அம்மக்களைப் பற்றி அவர் எழுதிய ‘அவர் சதர்ன் ஹைலேண்டர்ஸ்’, மரம் வெட்டும் நிறுவனங்களிடமிருந்து காட்டைக் காப்பாற்ற அவர் நடத்திய இயக்கம், 1934-இல் உருவான தேசியப் பூங்கா, அதற்குள்ளே 6,217 அடி உயரத்தில் அவர் பெயரில் ஒரு சிகரம்.

கொல்லர் ஏன் முத்திரை குத்தவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்க் கொல்லருக்கு அது தேவைப்படவில்லை. கத்தியை வாங்கியவர் அவர் வீட்டு வாசலைத் தெரிந்தவர். செய்தவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் பொருள் பயணம் போகும்போதுதான் முத்திரை பிறக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1624-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்து, முத்திரைகளைப் பதிவு செய்து காத்தது. அங்கே செய்த கத்திகள் ஊர் தாண்டிப் போயின. அமெரிக்காவில் 1890-இன் மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, இறக்குமதியான பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. ஒரு பழைய கத்தியில் ‘ஜெர்மனி’ என்ற பெயரைக் கண்டால் அதன் வயதுக்கு ஒரு மேல் எல்லை கிடைப்பது அதனால்தான். முத்திரையே இல்லாத கத்தி, பெரும்பாலும், அதிக தூரம் போகப்போவதில்லை என்று நினைத்துச் செய்த கத்தி. கெஃபார்ட்டின் கத்தி அந்த எதிர்பார்ப்பை மீறி உலகம் முழுக்கப் போய்விட்டது.

கெஃபார்ட்டுக்கு முந்திய தலைமுறையிலும் இதே கதை நடந்திருக்கிறது. ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884-இல் ‘வுட்கிராஃப்ட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவருடைய சின்ன இருபுற வாய்க் கோடரியும் முதுகு வளைந்த மெல்லிய கத்தியும் அதில் ஒரு படமாக இருக்கின்றன. அவர் ஏரிகளில் ஓட்டிய, பதினோரு பவுண்டுகூட எடை இல்லாத ‘சேரி கேம்ப்’ படகைக் கட்டியவர் ஜே. ஹென்றி ரஷ்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். படகே இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடரியை அறுவைக் கருவிகள் செய்யும் ஒருவரைக் கொண்டு தனியாகச் செய்வித்ததை சியர்ஸ் விரிவாகவே சொல்கிறார். கத்திக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் இன்று ‘நெஸ்மக்’ கத்தி செய்கிறார்கள், அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு.

கெஃபார்ட் கத்தியின் பயணத்தில் அடுத்த கட்டம் பென்சில்வேனியாவின் எல்டொராடோ என்ற சிற்றூர். ஆல்டூனா நகரத்தின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கோடரி செய்துவந்த கால்கிளெசர் சகோதரர்கள் ‘கெஃபார்ட் கத்தி’ என்ற பெயரிலேயே கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது கத்திக்குச் செய்பவரின் பெயர் வந்துவிட்டது. கோடரிக்காரர்கள் என்பது முக்கியம். கோடரியின் வாய்க்குப் பதம் ஏற்றத் தெரிந்தவனுக்கு, அடி தாங்க வேண்டிய எஃகு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வேட்டைக் கத்தி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் பல இருக்க, கத்தி கோடரிப் பட்டறைக்குப் போனதை நான் சரியான பொருத்தமாகவே பார்க்கிறேன். அவர்கள் செய்த கத்திகள் இன்று மிக அரிது. சேகரிப்பாளர்களிடம் ஒன்று வெளிப்பட்டால் பெரிய செய்தியாகிறது.

கெஃபார்ட் 1931 ஏப்ரல் 2 அன்று பிரைசன் சிட்டிக்கு அருகே கார் விபத்தில் இறந்தார். 1944-இல் ஃபொன்டானா அணையின் நீர்த்தேக்கம் ஹேசல் கிரீக்கின் கீழ்ப்பகுதியை மூடியது, அங்கிருந்த ஊர்கள் காலியாயின, நிலம் பூங்காவோடு சேர்ந்தது. கத்தியின் முதல் பட்டறை அந்த மலைகளில்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், போய்க் கேட்க அங்கே ஊர் இல்லை.

செய்தவரைக் கண்டுபிடித்ததால் ஒரு தொழிலே பிறந்த கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1937-இல் மிச்சிகனின் வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் படகின் பழைய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த போ ராண்டால், அவ்வளவு முரட்டு வேலையிலும் வாய் கெடாத அந்தக் கத்தியை விலைக்கு வாங்கிக்கொண்டார். அதைச் செய்தவர் மிச்சிகனில் வாழ்ந்த வில்லியம் ஸ்காகெல். அவருடைய முத்திரை ஒரு கிரிஸ், மலாய்க்காரர்களின் வளைந்து நெளிந்த குத்துவாள். அந்தக் கத்தியைப் பார்த்தே ராண்டால் தானும் கத்தி செய்யத் தொடங்கினார். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் அவருடைய பட்டறை இன்றும் இருக்கிறது. முத்திரை இருந்தது, பெயர் நிலைத்தது. ஸ்காகெலும் கெஃபார்ட்டின் கொல்லரும் தொழிலில் எவ்வளவு தூரம் வேறுபட்டவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு வரலாறு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்பது மட்டும் அந்தச் சின்ன அச்சு செய்த வேலை.

இப்போதும் பழைய பொருள் சந்தைகளிலும் இறந்துபோன வேட்டைக்காரர்களின் பெட்டிகளிலும் கையால் செய்த காட்டுக் கத்திகள் கிடைத்தபடி இருக்கின்றன. பெயர் இல்லாத கத்தியை எப்படிப் படிப்பது? பிடிக்கு முன்னால் அலகின் இடப்பக்கத்தில் முதலில் தேடுவார்கள். பிறகு முதுகில், பிடியின் அடியில். குத்திய முத்திரை, மின்னரிப்பில் பொறித்த சின்னம், மின்பேனாவால் கிறுக்கிய இரண்டு எழுத்து, எதுவாகவும் இருக்கலாம். எண்ணெயும் துருவும் மூடியிருந்தால் சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும். தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்க்கிறேன் என்று கிளம்புபவர்கள் அந்த அச்சையே அழித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய பாவம் இந்தத் தேடலில் கிடையாது.

அச்சே இல்லையென்றால் வேலைப்பாடுதான் சாட்சி. சாணை பிடித்த சரிவு எங்கே தொடங்குகிறது, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே ஆள் ஒரே எந்திரத்தில் பழகிய கையால் நூறு கத்தி செய்தால் அந்த இடம் நூறிலும் ஒரே சாயலில் இருக்கும். வாய் சுவீடன், பின்லாந்து வழக்கப்படி அகன்ற ஒற்றைச் சரிவா, தட்டையா, மேடிட்டதா? ஆணி பித்தளையா, திருகி இறுக்கும் வகையா? பிடி மரமா, துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய மைக்கார்டாவா? எஃகு துருப்பிடிக்காத வகை என்றால் கத்தி 1913-க்குப் பிற்பட்டது. அந்த ஆண்டுதான் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி அதை வார்த்தார். பிடிக்கு அடியிலோ முதுகிலோ மெல்லிய குறுக்குக் கோடுகள் எஞ்சியிருந்தால், அது பழைய அரத்தை அடித்து நீட்டிய கத்தி. அமிலத்தில் நனைத்தால் வாய் மட்டும் கடினமாக்கப்பட்டதா, முழு அலகுமா என்பது நிழல்போல் தெரியும். உறையை நம்புவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தோலில் அழகாக முத்திரை இருக்கும், அது உறை தைத்தவருடையது. கத்தி வேறு ஒருவருடையது.

நவீன காலத்திலும் எழுத்தாளர் பெயரே முன்னே நிற்கிறது. 1990 வாக்கில் இங்கிலாந்தில் ரே மியர்ஸ் வடிவமைத்த ‘வுட்லோர்’ கத்தியை அவருக்காகச் செய்தவர் ஆலன் வுட். ஓ1 எஃகு, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன், 4 அங்குலத்தை ஒட்டிய அலகு, ஒற்றைச் சரிவு வாய். அதைப் பார்த்து எத்தனையோ பேர் செய்தார்கள். முத்திரையில்லாத ஒரு நகலை ஆலன் வுட்டின் கைவேலை என்று யாரும் சட்டென்று நம்பிவிடக் கூடாது. நல்லவேளையாக அவர் பெயரும் வேலையும் பதிவாகியிருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒப்பிட உண்மையான ஒரு பொருள் இருப்பதுதான் அடையாளம் காண்பதில் பாதி வேலை. கெஃபார்ட்டின் கொல்லர் விஷயத்தில் அந்த இடத்தில் நிற்பது புத்தகத்தின் அளவுகள் மட்டுமே.

அதனால் அந்த அளவுகளைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் ஓலியன் ஊரிலுள்ள கா-பார் நிறுவனம் விற்கும் பெக்கர் கெஃபார்ட், பழைய கால்கிளெசர் கத்தி ஒன்றை மாதிரியாகக் கொண்டது. அதன் அலகு 5 அங்குலத்துக்குச் சற்று மேல். மிச்சிகனின் பார்க் ரிவர் பட்டறையும் எல் சால்வடோரில் செய்யும் காண்டார் நிறுவனமும் தங்கள் கெஃபார்ட்களை வேறு வேறு அளவில் செய்கின்றன. எல்லாமே நல்ல கத்திகள்தான். ஆனால் 5 அங்குல அலகு எல்டொராடோ கோடரிக்காரர்களின் முடிவு. 4½ அங்குலமும், ⅛ அங்குல முதுகும், 4 அவுன்ஸ் எடையும் முதல் கொல்லரின் முடிவு. விரலைக் காக்க அவர் வைத்த அந்த ¼ அங்குலக் குமிழை இன்றைய கெஃபார்ட்கள் பலவற்றில் தேடினால் கிடைக்காது. இந்த இரண்டு வடிவங்களும் ஒரே பெயரில் புழங்குவதால், இருந்த கொஞ்ச நஞ்ச அடையாளமும் கரைகிறது. விற்பவர்கள் பெட்டியின் மேல் ஒரு வரி சேர்த்தால் போதும்: இது கால்கிளெசர் வடிவமா, 1906 புத்தகத்து வடிவமா. இரண்டாவதைச் செய்பவர்கள் குமிழையும் சேர்த்தே செய்ய வேண்டும்.